அடிபட்ட மூளையும் அழுத்த அறையும்



கல்முனைக் கரையில் வாழும் மக்களுக்கு மூச்சின் அருமையை எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வள்ளம் கவிழ்ந்து நீரில் அமிழ்ந்தவனைக் கரை சேர்த்தவுடன் எழும் முதற் கேள்வி, "மூச்சு இருக்கிறதா?" என்பதே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலையிலே கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தபோது, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அன்று அக்கேள்வியைக் கேட்டுக் கண்ணீர் வடித்தோர் எத்தனையோ பேர். மூச்சு என்பது உயிரின் மறுபெயர் என்பதை அவர்கள் நூல்களிற் படித்து அறிந்தவர்களல்லர், பட்டு அறிந்தவர்கள்.

அந்தக் கரையைச் சேர்ந்த தந்தை ஒருவர் சில காலத்துக்கு முன் என்னிடம் வந்தார். நெசவுத் தொழிலாற் குடும்பத்தைக் காப்பவர். அவருடைய மகன் பிரதான வீதியிலே மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன். தலைக்கவசம் கைப்பிடியிலே தொங்கிக்கொண்டிருந்தது, தலையில் இருக்கவில்லை. உயிர் பிழைத்தான்; எழுந்து நடந்தான். ஆனால், வந்த மகன் போன மகனாக இல்லை. காலையிற் சொன்னதை மாலையில் மறந்தான், காரணமின்றிச் சினந்தான், இரவிலே உறக்கமின்றி முற்றத்தில் உலாவினான். இந்நிலையில், வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார்: "அழுத்த அறை என்று ஒன்று இருக்கிறது. அதற்குள்ளே படுக்க வைத்துத் தூய பிராணவாயுவைக் கொடுத்தால் செத்த மூளையும் உயிர்க்கும். நாற்பது தடவை இருந்தாற் போதும்." அதற்குரிய பணமோ பல இலட்சம். தந்தைக்கு இருந்ததோ இரண்டு ஏக்கர் வயற்காணி.

"காணியை விற்றால் மகன் பழையபடி ஆவானா, டொக்டர்?" என்று அவர் கேட்டார்.

இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையிறுத்தல் எளிது. ஆயினும் அது நேர்மையாகாது. அன்று அவருக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

மனித மூளை உடலின் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உடையது. ஆனால், நாம் ஓய்ந்திருக்கையில் உட்கொள்ளும் பிராணவாயுவில், அதாவது ஒட்சிசனில், ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. வீட்டிலே மிகச் சிறிய பிள்ளை, சட்டியிலே பெரும்பங்கு கேட்பது போன்றது இது. மேலும், மூளைக்குச் சேமித்து வைக்கும் வழக்கம் இல்லை. குருதியோட்டம் நின்றால் பத்துப் பதினைந்து விநாடிகளில் நினைவு தப்பும். நான்கைந்து நிமிடம் கடந்தால் மீளாத கேடு தொடங்கிவிடும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன். இதனை நுரையீரலிலிருந்து சுமந்து செல்வது குருதியிலுள்ள ஈமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள். 100 மில்லிலீற்றர் குருதி ஏறக்குறைய 20 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கிறது. அதிலே கிட்டத்தட்ட முழுவதும் ஈமோகுளோபினின் தோளிலேயே செல்கிறது. குருதி நீரிலே கரைந்து செல்வது மிகச் சிறிது. ஒரு மில்லிலீற்றரில் மூன்றிலொன்று அளவே. நலமுள்ள மனிதனுடைய ஈமோகுளோபின் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. நிரம்பிய வண்டியில் மேலும் மூட்டை ஏற்றுதல் எங்ஙனம்?

இங்கேதான் அழுத்தம் துணைக்கு வருகிறது. கடைத்தெருவிலே விற்கும் சோடாப் போத்தலைப் பாருங்கள். மூடியிருக்கும்வரை உள்ளே குமிழி எதுவும் தெரிவதில்லை. அழுத்தத்தினால் வாயு நீரிலே கரைந்து அடங்கியிருக்கிறது. மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் குறைகிறது. வாயு குமிழிகளாய்ச் சீறி எழுகிறது. அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுக்கு வாயு நீரிற் கரையும் என்னும் இவ்விதியை, மான்செஸ்டர் நகர வைத்தியரும் இரசாயன அறிஞருமான வில்லியம் ஹென்றி 1803ஆம் ஆண்டில் வகுத்துரைத்தார். மூன்று வளிமண்டல அழுத்தத்திலே தூய ஒட்சிசனைச் சுவாசிப்பவருடைய குருதி நீரில் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 6 மில்லிலீற்றர் ஒட்சிசன் கரைகிறது. ஓய்ந்திருக்கும் உடலுக்கு இதுவே போதுமானது. ஆம்ஸ்டர்டாம் நகரிலே சத்திரசிகிச்சைப் பேராசிரியராக இருந்த போரெமா, பன்றிகளின் செங்குருதியை ஏறக்குறைய முற்றாக நீக்கிய பின்னரும் அழுத்த அறையினுள்ளே அவற்றை உயிரோடு வைத்திருந்து, 1960ஆம் ஆண்டில் இதனை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டினார்.

இந்தச் சோடாப் போத்தலின் கதை நம் கடலோரத்துக்குப் புதியதன்று. மட்டக்களப்புக்கு அப்பால், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் என்னும் ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பல் ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்திற் கிடக்கிறது. கடலிலே ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆதலால், அக்கப்பலைக் காண இறங்கும் சுழியோடியின்மீது ஆறு மடங்கு அழுத்தம் சுமந்திருக்கும். அப்பொழுது அவர் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் தசையிலும் மிகுதியாகக் கரைகிறது. அவர் விரைந்து மேலெழுந்தால், போத்தலைத் திறந்ததுபோல அந்த நைதரசன் உடலினுள்ளே குமிழியாகிறது. மூட்டிலே குமிழி தோன்றினால் நோவு. முள்ளந்தண்டு வடத்திலே தோன்றினால் கால்கள் செயலிழக்கும். மூளைக்குச் சென்றால் மயக்கமும் பேச்சிழப்பும் நேரும். கடலட்டைக்கும் சங்குக்கும் அலங்கார மீனுக்குமாகக் காற்றுக்குடுவையைச் சுமந்து முழுகும் நம் இளைஞர் பலர் இத்துன்பத்தை அறிவர். ஒரே நாளில் மீண்டும் மீண்டும் இறங்குவதும், ஆழத்தில் நெடுநேரம் தங்குவதும், ஆறுதலின்றி எழுவதுமே இதற்குக் காரணம்.

நைதரசன் குமிழியே இந்நோயின் காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் போல் பேர்ட் 1878ஆம் ஆண்டிலே நூலெழுதி விளக்கினார். படிப்படியாக நின்று நின்று மேலெழ வேண்டுமென்று ஹால்டேன் 1908ஆம் ஆண்டிலே அட்டவணை வகுத்தார். நோய் வந்தபின் செய்யத்தக்கது, அவரை மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்திக் குமிழியைச் சுருக்கி, ஒட்சிசன் கொடுத்து, மெல்ல மெல்ல வெளிக்கொணர்தலாகும். இதற்கான அழுத்த அறை நம் நாட்டிலே திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உண்டு. சுழியோடிக்குக் கடலிலிருந்து எழுந்த பின்னர் கை கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, "வாயு பிடித்துவிட்டது" என்று எண்ணெய் தேய்த்து நேரத்தை வீணாக்கலாகாது. ஒட்சிசன் கொடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். குமிழியினால் மூளை தாக்குண்டவருக்கு அழுத்த அறையே உரிய மருந்து. இதிலே ஐயமில்லை.

வேறு சில நோய்களிலும் இச்சிகிச்சை பயனுடையது. நீரிழிவினால் ஆறாத காற்புண் சிலவற்றிலும், கதிரியக்கச் சிகிச்சையாற் கெட்ட திசுக்களிலும், வாயு அழுகல் என்னும் கொடிய தொற்றிலும் இதனைக் கையாளுகின்றனர். காபனோரொட்சைட்டு நஞ்சும் அவற்றுள் ஒன்று. மின்வெட்டு நீண்டிருந்த 2022ஆம் ஆண்டில் மின்பிறப்பாக்கி பல வீடுகளுக்கு வந்தது. மூடிய அறைக்குள்ளே அதனை இயக்கினால், மணமும் நிறமுமற்ற இந்நஞ்சு ஈமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஒட்சிசனுக்கு இடமளியாது. சாதாரண காற்றிலே அதன் அளவு பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் அளவு செல்லும். தூய ஒட்சிசனில் ஒன்றேகால் மணி. மூன்று மடங்கு அழுத்தத்தில் அரைமணிக்கும் குறைவு. வாயுவால் வந்த நோயை வாயுவாலேயே விரட்டுதல் இது.

நேயர்களே, இப்பொழுது தந்தையின் கேள்விக்கு வருவோம். வீதியிலே விழுந்து அடிபட்ட மூளைக்கும் இதே மருந்து பலிக்குமா?

பலிக்கும் என்று எண்ணுவோர் சொல்லும் நியாயம் கேட்கத் தக்கது. வயலுக்கு நீர் வரும் வாய்க்கால் உடைந்துவிட்டால், சில பயிர் முற்றாகக் கருகிவிடும். அதைச் சூழ்ந்த இன்னுஞ் சில வாடித் தலைசாய்ந்து நிற்கும். வேரிலே உயிர் இருக்கும். அதுபோல, அடிபட்ட மூளையிலே இறந்த உயிரணுக்களைச் சுற்றி உறங்கிய உயிரணுக்கள் உண்டு. மிகுந்த ஒட்சிசன் அவற்றை எழுப்பும் என்பது அவர்கள் கொள்கை. இஸ்ரவேலிலே 2013ஆம் ஆண்டில் 56 நோயாளரிடம் செய்த ஆய்வொன்று நற்பலன் கண்டதாகவும் கூறிற்று. ஆனால், அதிலே சிகிச்சை பெறாதோருக்குப் போலி அறை எதுவும் கொடுக்கப்படவில்லை. இக்குறை சிறிதன்று. அதன் காரணத்தைக் கேளுங்கள்.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் வெடிகளால் மூளை அதிர்ந்த அமெரிக்கப் படைவீரரிடம் பல ஆய்வுகள் நடந்தன. 2015ஆம் ஆண்டில் வெளியான ஒன்றில் 72 பேர் மூன்று கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூட்டத்தார் வழமையான கவனிப்பை மட்டும் பெற்றனர். இரண்டாம் கூட்டத்தார் 40 தடவை அழுத்த அறையிலே ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஒட்சிசன் பெற்றனர். மூன்றாம் கூட்டத்தாரும் அதே அறைக்குள் அத்தனை தடவையும் சென்றனர். ஆனால், அவர்கள் பெற்றது அழுத்தம் சிறிதே கூட்டிய வெறுங்காற்று. நடந்தது யாது? அறைக்குட் சென்ற இரு கூட்டத்தாரும் தேறினர். ஒட்சிசன் பெற்றவர் வெறுங்காற்றுப் பெற்றவரைவிட மேலாகத் தேறவில்லை. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 71 பேரிடம், தொடக்கத்தில் ஒட்சிசனுக்குச் சிறிது ஏற்றம் தென்பட்டது. ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் அது நிலைக்கவில்லை. பிறவி மூளைவாதம் உற்ற 111 பிள்ளைகளிடம் கனடாவிலே செய்து 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இவ்வாறே முடிந்தது: இரு பகுதிப் பிள்ளைகளும் ஒரே அளவில் முன்னேறினர்.

அங்ஙனமாயின் அவர்களைத் தேற்றியது எது? நாள்தோறும் ஒருவர் அன்போடு அழைத்துச் செல்கிறார், ஓய்வு கிடைக்கிறது, நம்பிக்கை பிறக்கிறது, காலமும் கழிகிறது. காயமுற்ற மூளை காலத்தோடு தானே பெரிதும் தேறும் இயல்புடையது. "சிறிதளவு கூட்டிய அழுத்தமும் ஒரு மருந்தே, அதனாற்றான் இரு பகுதியாரும் தேறினர்" என்று சிகிச்சையை ஆதரிப்போர் வாதிப்பர். அவ்வாதம் தீர்க்கப்படவேண்டியது ஆய்வாலேயாம், விளம்பரத்தாலன்று.

கடுமையான காயமுற்று நினைவிழந்தோர் செய்தி சற்று வேறு. மினசோட்டாவிலே 168 பேரிடம் நடந்து 1992ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், அழுத்த அறைச் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 17 பேரும், பெறாதோரில் நூற்றுக்கு 32 பேரும் இறந்தனர். உயிர்கள் காக்கப்பட்டன, ஆனால், தம் கருமத்தைத் தாமே செய்யும் நிலைக்குத் தேறியோர் தொகை கூடவில்லை. இவ்வகையோருக்காக அமெரிக்காவில் மற்றுமொரு பெரிய பரிசோதனை தொடங்கப்பட்டது. அறிஞர் இந்த வாயிலைச் சாத்திவிடவில்லை என்பதை இதனால் அறியலாம். ஆயினும் அது அடிபட்ட முதல் நாளிலே பெரிய வைத்தியசாலையில் நிகழ வேண்டியது. மாதங்கள் சென்றபின் பணங்கொடுத்து வாங்குவதன்று.

"பயன் இல்லாவிடினும் கேடு இல்லையே, செய்து பார்த்தால் என்ன?" என்று சிலர் வினவுவர். மருத்துவ வரலாறு இதற்குக் கடுமையான விடை வைத்திருக்கிறது. தலைக்காயத்தின் வீக்கத்தைத் தணிக்குமென்று ஸ்டீரொயிட் மருந்தைப் பல்லாண்டு காலம் வைத்தியர் நன்னோக்குடன் கொடுத்து வந்தனர். 2004ஆம் ஆண்டில் 10,008 நோயாளரின் பரிசோதனை முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 21 பேர் இரு வாரத்துள் இறந்தனர். பெறாதோரில் 18 பேர். காக்கும் என நம்பிய கையே கொன்றிருக்கிறது! நம்பிக்கை வேறு, சான்று வேறு என்பதற்கு இதனினும் துயரமான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அழுத்த அறையும் தீங்கற்றதன்று. செவிப்பறை நோகலாம், மூளையிலே ஒட்சிசன் மிகுந்தால் வலிப்பு வரலாம். அதனை முதலிற் கண்டுரைத்தவரும் நாம் முன்னர்க் கூறிய போல் பேர்ட் அவர்களே. எல்லாவற்றினும் பெரிது தீ. ஒட்சிசன் நிறைந்த அறையிலே சிறு பொறியும் பேரழிவாகும். இத்தாலியின் மிலான் நகரில் 1997ஆம் ஆண்டிலே அழுத்த அறையிற் பற்றிய தீ 11 உயிர்களைக் கொண்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2025ஆம் ஆண்டு சனவரியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இவ்வாறே மாண்டான்.

பழைய கதை ஒன்றும் சொல்லி வைக்கிறேன். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே 1928ஆம் ஆண்டில் கனிங்ஹாம் என்னும் வைத்தியர், 64 அடி விட்டமுள்ள உருக்குக் கோளம் ஒன்றைச் செல்வர் ஒருவரின் பொருளுதவியாற் கட்டினார். அது ஐந்து மாடி கொண்டது. நீரிழிவும் புற்றுநோயும் அழுத்தக் காற்றினாலே தீரும் என்றார். சான்று எங்கே என்று வைத்திய சங்கத்தார் கேட்டனர். காட்ட அவரிடம் இல்லை. போர்க்காலத்திலே அக்கோளம் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. கட்டடம் பெரிதாயிருப்பதனால் உண்மை பெரிதாகிவிடுவதில்லை.

இனி, செய்யத்தக்கது என்ன? அடிபட்ட மூளைக்கு ஒட்சிசன் வேண்டும் என்பது முழு உண்மை. ஆனால், அதற்குரிய வேளை முதல் மணித்தியாலம். அதற்குரிய இடம் விபத்து நடந்த வீதி. விழுந்தவரை இருவர் கையிலும் காலிலும் தூக்கி முச்சக்கர வண்டியிலே மடித்துத் திணிப்பதை நாம் காண்கிறோம். கழுத்து வளைகிறது, நாக்கு உள்ளே மடிகிறது, மூச்சு அடைபடுகிறது. அடியினாற் பிழைத்த மூளை வழியிலே சாகிறது. அங்ஙனஞ் செய்யாது 1990 என்னும் இலக்கத்துக்கு அழையுங்கள். 2016ஆம் ஆண்டில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2019ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் பரந்துவிட்டது, கட்டணம் இல்லை. அதிலே பயிற்சி பெற்றவரும் ஒட்சிசனும் உண்டு. பல இலட்சம் பெறும் ஒட்சிசனைவிட அந்த இலவச ஒட்சிசனே மூளையை மிகுதியாகக் காக்கும்.

அதற்கும் முன்னே நிற்பது தலைக்கவசம். அது மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயத்தை நூற்றுக்கு 69 பங்கும், மரணத்தை நூற்றுக்கு 42 பங்கும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. பக்கத்துச் சந்திக்குத்தானே, பள்ளிவாசலுக்குத்தானே என்று கவசத்தைக் கைப்பிடியிலே கொளுவிச் செல்லும் இளைஞர், வீதி தூரம் பார்த்து அடிப்பதில்லை என்பதை உணர்வாராக. பின்னே அமரும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அஃது ஒக்கும்.

காயத்துக்குப் பின்னே வேண்டுவது பொறுமையான பயிற்சி. உடற்பயிற்சிச் சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை, தொழிற்சிகிச்சை ஆகியவை நம் அரசாங்க வைத்தியசாலைகளிலே கிடைக்கின்றன. புனர்வாழ்வுக்கென்றே றாகமையில் ஒரு வைத்தியசாலை உண்டு. வீட்டாரும் வைத்தியரே ஆகலாம். நாளுக்கு ஓர் ஒழுங்கு, சுவரிலே எழுதிய அட்டவணை, குறுகிய கட்டளை, நிறைந்த உறக்கம், இரைச்சல் குறைந்த அறை: இவை விலையில்லா மருந்துகள். அவன் சினக்கும்போது, சினப்பது மகனல்லன், காயமே என்று நினைந்து பொறுத்தல் அவற்றுள் மேலானது.

இவற்றைத்தான் அத்தந்தைக்குச் சொன்னேன். "காணியை விற்கவேண்டாம் என்று ஆணையிட எனக்கு உரிமை இல்லை. ஆனால், அந்தப் பணத்துக்கு மகன் திரும்பி வருவான் என்று சொல்லும் சான்றும் என்னிடம் இல்லை" என்றேன். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். "அப்படியானால் நான் ஒன்றும் செய்யாமல் இருந்த வாப்பா ஆகிவிடுவேனே" என்றார். நேயர்களே, இவ்விலை உயர்ந்த சிகிச்சைகள் விற்பனையாவது ஒட்சிசனால் அன்று. இந்தத் தந்தையின் வார்த்தையிலுள்ள வேதனையால்.

அவர் காணியை விற்கவில்லை. வாரந்தோறும் மகனை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். மாலையிலே தறிக்கு அருகில் இருத்தி, நூல் சுற்றும் வேலையைச் சிறிது சிறிதாகப் பழக்கினார். ஓராண்டு சென்றபின் அவரைக் கண்டேன். மகன் இப்பொழுது தறியிலே அமர்கிறான் என்றார். சில நாள் கோலம் பிழைக்கிறதாம். இழையைப் பிரித்து மீண்டும் நெய்கிறானாம். முன்னைய மகன் முழுவதும் வந்துவிட்டான் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால், ஒன்றும் செய்யாமல் இருந்த வாப்பா என்று அவரை இனி எவரும் சொல்லமுடியாது.